தாராக்கூட்டை இரவில் ஏன் பூட்ட வேண்டும்?

மாரிகாலத்தில் கட்டுக்கரைக் குளத்தில் இறங்கும் காட்டுத் தாராக்கள் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் நடுவேதான் தூங்குகின்றன. எப்படித் தப்புகின்றன? மூளையின் ஒரு பாதி தூங்கும், மறுபாதி விழித்திருக்கும். வரிசையின் ஓரத்தில் கிடக்கும் தாரா, வெளிப்பக்கம் பார்த்த கண்ணை மூடாமல் வைத்திருப்பதை 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆபத்து தெரிந்த கணமே நீரிலிருந்து நேராக மேலெழும்பிவிடும்.

வளவில் வளரும் தாராவும் காட்டுத் தாராவின் வழிவந்ததுதான். ஆனால் இறைச்சிக்கும் முட்டைக்குமாக மனிதன் உடலைப் பெருக்கவைத்தான். பறக்கும் திறன் போயிற்று. கண் விழித்திருந்து என்ன பயன்? கோழியைப் போல மரக்கிளையில் ஏறவும் தெரியாது, பொழுதுபட்டால் தானாகக் கூடு திரும்பும் பழக்கமும் குறைவு. நாம்தான் ஓட்டி அடைக்க வேண்டும்.

சாதாரணக் கோழிவலை தாராவை உள்ளே வைக்கும். நரியை வெளியே வைக்காது. பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். கீரி நுழைய முடியாத அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே நல்லது. அடியில் தோண்டி வராதபடி வலையின் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும். மரநாய் ஏறி வரும் என்பதால் கூரையும் அவசியம்.

காலையில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். தாரா பெரும்பாலும் விடியுமுன்னரே முட்டையிடும். சற்றுத் தாமதித்தால் முட்டை உடும்புக்குப் போகாமல் கூட்டிலேயே கிடைக்கும்.

நரிக்கும் காட்டுப்பூனைக்கும் நஞ்சு மட்டும் வைக்காதீர்கள். வயல் எலியைத் தின்பவையும் அந்த நரியும் பூனையும்தான்.