வேரில் ஒரு குடித்தனம்

இட்லிக்கு உளுந்து ஊறப் போடும்போது, எந்த வீட்டு அம்மாளாவது அதன் வேரைப் பற்றி நினைத்திருப்பாரா? நான் நினைத்ததில்லை. உளுந்து சுத்தமாக இருக்கிறதா, மாவு பொங்குகிறதா, போன மாதத்தைவிடக் கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஏறியிருக்கிறது? இவ்வளவுதான் எனக்கும் உளுந்துக்கும் இருந்த சிநேகம். அதற்கு மேலும் ஒரு விஷயம் உண்டு என்று தெரிந்துகொள்ள, நான் பாவூர்சத்திரம் வரைக்கும் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், தென்காசி வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது பாவூர்சத்திரம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் பறக்கிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இந்த ஊர்க் காய்கறிச் சந்தையைத் தெரியாத வியாபாரி அந்தப் பக்கத்தில் கிடையாது. தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் என்று சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் விளைவதெல்லாம் இங்கே வந்து குவிகிறது; மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கும் லாரி ஏறிப் போகிறது.

நான் போனது மார்கழி மாதம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்த என் சிநேகிதி கூட வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஓர் ஆச்சியின் தோட்டம் ஊருக்குச் சற்று வெளியே இருந்தது. தக்காளி எடுத்த நிலத்தில் இப்போது உளுந்து. விதைத்து முப்பது நாள் ஆகியிருந்தது.

“வா தாயி, வெயிலுக்கு முந்தி வந்துட்டிய. இந்தா, மோரு குடி” என்று வரவேற்ற ஆச்சி, நான் செம்பைக் கீழே வைப்பதற்குள் வழக்கையும் எடுத்து வைத்துவிட்டார்.

“போன வருசம் உளுந்து பூராவும் மஞ்ச அடிச்சுப் போச்சு. காயே புடிக்கல. ‘இனி இந்தப் பயிரே வேண்டாம், தக்காளியே போடுவோம்’னு மவன் ஒத்தக் கால்ல நிக்கான். தக்காளி விலைய நம்ப முடியுமா, சொல்லு. ஒரு நாளைக்கு ராசா, மறுநாளைக்குக் குப்பை. நானும் விடல. பாதி நெலம் எனக்கு, பாதி அவனுக்குன்னு பிரிச்சாச்சு. வெத ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவன் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டியிருக்கான். நான் இந்தப் புள்ள கொண்டு வந்த பொட்டலத்தைக் கலந்து வெதச்சேன். எது செயிக்குன்னு பாப்போம்.”

பார்த்தால், ஜெயித்தவர் மகன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் பாதியில் பயிர் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று ஓர் அடி ஓங்கி நின்றது. ஆச்சியின் பயிர் கொஞ்சம் வெளிறினாற்போல், அடக்கமாக இருந்தது. சிநேகிதி சிரித்தாள். “முகத்தைப் பார்த்துப் பெண் எடுக்காதே. வேரைப் பார்” என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசினாள்.

ஆச்சியின் செடி வேரில் கடுகும் மிளகுமாகக் கோத்தது போல உருண்டை உருண்டையாக முடிச்சுகள். மகன் செடியின் வேரில் தேடித் தேடி எண்ணினால் நாலைந்து. ஆச்சி செடியின் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே ரத்தம் கட்டினாற்போல் ரோஜா நிறம்!

குடியிருப்பவர் யார்?

முடிச்சு என்றால் நோய் என்று பயந்துவிட வேண்டாம். அது வாடகை வீடு. உள்ளே குடியிருப்பவர் ரைசோபியம் வகையைச் சேர்ந்த பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாதவர்; ஆனால் ஒழுங்காக வாடகை கொடுக்கிறவர்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். பயிர் வளர நைட்ரஜன் வேண்டும். ஆனால் காற்றில் உள்ளதைச் செடியால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூட்டிய பெட்டிக்குள் பணம் இருப்பது போலத்தான். அந்தப் பூட்டைத் திறக்க மனிதன் கண்டுபிடித்த வழி தொழிற்சாலை. 1913-இல் ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற இடத்தில் அது பெரிய அளவில் தொடங்கியது. கொதிக்கும் சூடும் பயங்கரமான அழுத்தமும் அதற்குத் தேவை. இதே காரியத்தை உளுந்தின் வேருக்குள், மார்கழிக் குளிரில், சத்தமில்லாமல் இந்தப் பாக்டீரியா செய்துவிடுகிறது! பயறு வகைகளின் வேர் முடிச்சுதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று 1886-இல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அறிவித்தார். 1888-இல் ஹாலந்து தேசத்து பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து எடுத்தார்.

குடி வருவதற்கு முன்னால் பொருத்தம் பார்க்கும் படலமும் உண்டு. வேர் ஒரு ரசாயனத்தை மண்ணில் கசியவிடுகிறது. அது எந்தப் பாக்டீரியாவுக்குப் புரிகிறதோ அது பதில் ரசாயனம் அனுப்புகிறது. சரி என்று பட்டால், வேரின் மெல்லிய ரோமம் சுருண்டு அதை உள்ளே அழைத்துக்கொள்கிறது. செடி சர்க்கரைச் சத்தைக் கொடுக்கிறது. பாக்டீரியா நைட்ரஜனைக் கொடுக்கிறது. அந்த ரோஜா நிறம் நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளின் நெருங்கிய உறவு. ரோஜா நிறம் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பெரிய வீட்டுச் சோயா

இந்த வாடகைக் கணக்கை உலக விஞ்ஞானிகள் துருவித் துருவி ஆராய்ந்தது உளுந்தில் அல்ல, அதன் பணக்கார உறவான சோயாவில். நம் வீட்டுப் பிள்ளைகள் குருமாவில் தேடித் தின்கிற ‘மீல் மேக்கர்’, எண்ணெய் எடுத்த சோயா மாவுதான். எண்ணெய்க்கும் கால்நடைத் தீவனத்துக்கும் உலகம் முழுவதும் பயிரிடுவதால், சோயாவின் ஆராய்ச்சிக்குப் பணமும் ஆளும் குறைவில்லை. 2010-இல் அதன் மரபணுத் தொகுதியை அநேகமாக முழுவதும் படித்துவிட்டார்கள். மரபணுக்கள் 46,000-க்கு மேல். மனிதனுக்குச் சுமார் 20,000-தான் என்று கேள்விப்பட்டதும், மீல் மேக்கரிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது!

சோயாவில் கண்ட முதல் ஆச்சரியம் இது. வாடகைக்கு எத்தனை வீடு விடுவது என்று முடிவு செய்வது வேர் அல்ல. மேலே இருக்கிற இலை! ஆஸ்திரேலியாவில் கரோல், மெக்நீல், கிரெஷாஃப் என்ற விஞ்ஞானிகள் ‘பிராக்’ என்ற சோயா விதைகளை ரசாயனத்தால் மாற்றி வளர்த்தார்கள். நம் நாட்டு வயல்களிலும் பயிரான ரகம்தான் அது. அவற்றில் சில செடிகள் கணக்கு வழக்கில்லாமல் முடிச்சு விட்டன. 1985-இல் இதை வெளியிட்டார்கள். அப்புறம் ஒட்டுக் கட்டிப் பார்த்தபோது, வேர் எதுவாக இருந்தாலும் தண்டும் இலையும் எந்தச் செடியோ அதன் புத்திதான் வேரில் வந்தது. “போதும், நிறுத்து” என்று இலையிலிருந்து உத்தரவு போக உதவுகிற மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள்.

நிறைய முடிச்சு இருந்தால் நிறைய மகசூல் வர வேண்டாமா? வரவில்லை. பெரும்பாலும் குறைந்துதான் போயிற்று. சும்மாவா? ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சாப்பாடு போட வேண்டியது செடியல்லவா! வரவுக்கு மேல் விருந்தாளியைச் சேர்த்துக்கொண்ட குடும்பத்தின் கதைதான்.

இரண்டாவது ஆச்சரியம் இன்னும் ருசியானது. வாடகை கொடுக்காத பாக்டீரியாவைச் செடி என்ன செய்யும்? கலிபோர்னியாவில் டோபி கியர்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் சோயா வேர் முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை அநேகமாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாவம், பாக்டீரியா வேலை செய்ய விரும்பினாலும் சரக்கு இல்லை. செடி பார்த்தது, அந்த முடிச்சுக்குப் போகிற பிராணவாயுவைக் குறைத்துவிட்டது! உள்ளே பாக்டீரியாவின் பெருக்கம் ஏறக்குறையப் பாதியாயிற்று. வாடகை பாக்கி வைத்தவருக்குக் குழாய்த் தண்ணீரை நிறுத்துகிற வீட்டுக்காரரை நீங்கள் பார்த்ததில்லையா? 2003-இல் வந்த ஆராய்ச்சி இது.

யூரியா வந்தால்?

இப்போது ஆச்சி மகனின் செடியில் ஏன் முடிச்சு இல்லை என்று விளங்கியிருக்கும். மண்ணில் தயாராக நைட்ரஜன் கொட்டிக் கிடக்கும்போது, செடி ஏன் சர்க்கரையைச் செலவழித்துக் குடித்தனம் வைக்க வேண்டும்? கதவைச் சாத்திவிடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கியது, வேர் தானே சம்பாதித்திருக்கக்கூடியதை!

அதற்காக யூரியாவே கூடாது என்று சிநேகிதி சொல்லவில்லை. முடிச்சு வேலை தொடங்கும் வரை பயிருக்குக் கைச்செலவுக்கு வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ நைட்ரஜன் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. யூரியாவாகப் பார்த்தால் ஏக்கருக்கு அரை மூட்டைக்குச் சரியாக வரும். தக்காளிக்குப் போட்டுப் பழகிய கை, உளுந்துக்கும் அப்படியே போட்டுவிடுகிறது.

“அப்படியானால் மஞ்சள்?” என்று கேட்டேன்.

அது வேறு எதிரி. மஞ்சள் தேமல் என்பது வைரஸ் நோய். வெள்ளை ஈ செடிக்குச் செடி தாவிப் பரப்புகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே அந்தச் செடியைப் பிடுங்கி அழித்து, ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். நைட்ரஜன் மிஞ்சித் தளதளவென்று நிற்கும் பயிர் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குக் கல்யாணப் பந்தி.

ஆனால் முதல் காவல் விதையில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தில், இந்த நோயைத் தாங்குகிற ரகங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். வம்பன் 6 என்ற ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்று வம்பன் 1. மற்றொன்று காட்டு உளுந்து. நாம் களை என்று ஒதுக்குகிற காட்டுச் சொந்தக்காரனிடம் எதிர்ப்புச் சக்தி ஒளிந்திருந்தது! ஆச்சி இந்தத் தடவை விதைத்தது அதற்குப் பின்னால், 2016-இல் வந்த வம்பன் 8. தோட்டத்தின் இரு பாதியிலும் மஞ்சள் இலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கண்ணில் பட்டது.

உறைமோர் இல்லாமல் தயிர் உண்டா?

ஆச்சி கலந்த அந்தப் பொட்டலம் 200 கிராம் ரைசோபியம் உயிர் உரம். ஆறிய வடிகஞ்சியில் அதைக் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது உயிர். வெயிலில் வைத்தால் செத்துப் போகும். விதைக்குப் பூஞ்சை மருந்து போட்டிருந்தால் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். உறைமோரைக் கொதிக்கிற பாலில் ஊற்றுவோமா?

எந்தப் பயறுக்கு எந்த உறை என்பதும் முக்கியம். உளுந்துக்கு ஏற்ற பாக்டீரியா நம் மண்ணில் ஓரளவு இயற்கையாகவே உண்டு. சோயா சீனத்துப் பிறவி. அதற்குப் பிடித்த பாக்டீரியா நம் மண்ணில் அரிது. அதனால்தான் புதிதாகச் சோயா போடுகிற நிலத்தில், அதற்கென்று உள்ள உறையை விதையோடு சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. நைஜீரியாவில் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தார் வேறு வழி கண்டார்கள். அந்த ஊர் மண்ணில் உள்ள பாக்டீரியாவோடேயே ஒத்துப் போகிற சோயாவை இனக்கலப்பில் உண்டாக்கினார்கள். மருமகளின் ஊர்ச் சமையல்காரரை வரவழைப்பது ஒரு வழி. நம் வீட்டுச் சமையலுக்குப் பழகிக்கொள்ளும் மருமகளைத் தேடுவது இன்னொரு வழி!

மாசி மாதம் சிநேகிதியின் டெலிபோன் வந்தது. அறுவடை முடிந்ததாம். இரண்டு பாதியிலும் உளுந்து ஏறக்குறைய ஒரே அளவு. மகனுக்கு யூரியாச் செலவு மட்டும் அதிகம். ஆச்சி ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லையாம். “அவனே வந்து, அடுத்த தடவை எத்தனை பொட்டலம் வாங்கணும்னு கேட்டான். அது போதும்” என்றாராம்.

மொட்டை மாடியில் ஒரு மண் தொட்டி இருந்தால் நீங்களும் பார்க்கலாம். தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்தில் ஒரு பிடி விதையுங்கள், உரம் வேண்டாம். முப்பது நாள் கழித்து ஒரு செடியை மண்ணோடு மெல்ல எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோஜா நிறம் தெரிந்தால் உங்கள் மண்ணில் குடித்தனம் நடக்கிறது. தெரியாவிட்டால் ஒரு பொட்டலம் உறை வாங்க வேண்டியதுதான்.