தண்ணிக்கு எதிரா ஒரு ரோடு ட்ரிப்

எங்க அக்கா தன் பத்து வயசுப் பையனை வீட்டுலயே படிக்க வைக்கிறா. "ஸ்கூலுக்கே போகாம என்னத்தக் கத்துக்கிறான்?"னு சொந்தக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. அவளுக்காக நான் போட்ட ரூட் இது: வைகை அணை, வீரபாண்டி, உத்தமபாளையம், கம்பம், லோயர் கேம்ப்.

அதாவது, தண்ணி வர்ற வழிக்கு எதிரா. கோட்ல பிழை வந்தா அவுட்புட்ல இருந்துதானே பின்னாடி தேடிப் போவோம்? அதே மாதிரி. ஒவ்வொரு ஸ்டாப்லயும் பையனுக்கு ஒரே கேள்வி: "இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

பதில் மலைக்கு அந்தப் பக்கம். மேற்கே ஓடுற பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமான்னு 1789-லயே ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். செலவு தாங்கலைன்னு விட்டுட்டார். 1808-ல கேப்டன் கால்டுவெல் சர்வே பண்ணி, நடக்காத காரியம்னு எழுதினார். பென்னிகுயிக் 1887-ல ஆரம்பிச்ச அணை 1895-ல முடிஞ்சது. அங்க தேங்குற தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா நம்ம பக்கம் வருது.

முல்லைப் பெரியாறு அணை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு; அனுமதி இல்லாம போக முடியாது. அதனால லோயர் கேம்ப்ல முடிச்சுக்கோங்க. மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்குற ராட்சசக் குழாய்களும், பென்னிகுயிக் மணிமண்டபமும் அங்கதான்.

அங்க உட்கார்ந்து கடைசிக் கேள்வி: "கால்டுவெல் சொன்னது தப்பா?" டைனமைட்டே கண்டுபிடிக்காத காலம் அது. பையன் கொஞ்சம் யோசிக்கட்டும். சொந்தக்காரங்களுக்கு அவனே பதில் சொல்லிக்குவான்.