தொட்டிக்குள் ஒரு தேய்பிறை

சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு அனுபவத்திலேயே தெரியும். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறிவிடும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதம். அதற்கு மறுநாள் இன்னுமொரு 50 நிமிடம். சதுர்த்தி வரும்போது இரவு ஒன்பது மணி வாக்கில்தான் நிலா தலைகாட்டும். அதுவரை மொட்டைமாடியில் பசியோடு காத்திருக்க வேண்டும். சூரியன் போன பிறகு, நிலா வருமுன் நிற்கும் அந்த இருட்டு பௌர்ணமியன்று கிடையாது. மறுநாள் பிறந்து, நாளுக்கு நாள் வளரும்.

கடலுக்கடியில் கண்ணும் மூளையும் இல்லாத ஓர் உயிர் இதே இருட்டுக்காகக் காத்திருக்கிறது. அது பவளம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் ஏராளம். பகலில் தொட்டிக்கு மேல் கண் கூசும் விளக்கு எரியும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்ய அந்த வெளிச்சம் வேண்டும். இரவில் அதை அணைத்ததும் தொட்டி ஒரேயடியாக இருண்டுபோகும். கடலில் அப்படி நடப்பதில்லை. அதனால் தொட்டிக்கு மேலே சில நீல எல்.இ.டி.களைப் பொருத்தி ‘மூன்லைட்’ என்று எரிய விடுவார்கள். கடையிலும் கிடைக்கும். சால்டரிங் பழகிய கை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலேயே செய்து முடிக்கலாம். ஆனால் வீட்டில் செய்யும் நிலாக்கள் பலவற்றில் ஒரு குறையைப் பார்க்கலாம். அவை தேய்வதில்லை. ஆண்டு முழுக்க, இரவு முழுக்க, ஒரே பௌர்ணமி.

இது ஏன் குறை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போக வேண்டும். பெரும்பாலான பவளங்கள் கருவை உடலுக்குள்ளேயே வைத்து, லார்வாவாக்கி வெளியே விடுகின்றன என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1981, 1982 ஆண்டுகளின் வசந்தகாலப் பௌர்ணமிகளுக்குச் சில இரவுகள் கழித்து அங்கே நீருக்குள் இறங்கிய இளம் ஆய்வாளர்கள் கண்டது வேறு. முட்டையும் விந்தணுவும் சேர்த்துக் கட்டிய சின்னஞ்சிறு இளஞ்சிவப்பு மணிகளை, பவளங்கள் ஒன்றுபோல நீரில் விட்டன. அந்த மணிகள் தலைகீழ் மழையாக மேலே மிதந்து போயின. மூன்று இடங்களில் மொத்தம் 32 இனங்கள் இப்படிச் செய்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டுரை 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நகர முடியாத உயிர்களுக்கு இந்த ஒற்றுமைதான் திருமணம். ஒரே நேரத்தில் விட்டால்தான் ஒன்றின் முட்டை இன்னொன்றின் விந்தணுவைச் சந்திக்கும்.

நேரத்தை எப்படி ஒத்துக்கொள்கின்றன? அக்ரோபோரா மில்லேபோரா என்ற பவளத்தில், நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் புரதங்களுக்கான மரபணுக்கள் இருப்பதை 2007-ல் கண்டார்கள். அவற்றில் ஒன்று அமாவாசை இரவைவிடப் பௌர்ணமி இரவில் மும்முரமாக இயங்கியது. சரி, நிலா வெளிச்சம்தான் தூண்டுகிறது என்று தோன்றும். 2021-ல் தைவானில் நடந்த ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. டிப்சாஸ்ட்ரியா ஸ்பெசியோசா என்ற பவளத்தைக் கடலிலேயே மூடி, நிலா வெளிச்சம் படாமல் செய்தார்கள். சிலவற்றைப் பௌர்ணமிக்கு 3 நாள் முன்பும், சிலவற்றை 1 நாள் முன்பும், சிலவற்றை 1 நாள் பின்பும் மூடினார்கள். எப்போது மூடினாலும், மூடத் தொடங்கிய நாளிலிருந்து ஐந்தாம் நாளே அவை முட்டை விட்டன. அந்தி முதலே தொடரும் நிலவொளி முட்டை விடுவதைத் தடுத்து வைக்கிறது. அந்திக்கும் நிலா உதயத்துக்கும் நடுவே இருட்டு விழுந்ததும் தடை நீங்குகிறது. சதுர்த்தி விரதக்காரரைக் காக்க வைக்கும் அதே இடைவெளி.

தெருவிளக்குகளும் துறைமுக விளக்குகளும் இந்த இடைவெளியை அழிக்கின்றன. செயற்கை வெளிச்சம் விழும் பவளத்திட்டுகளில் முட்டை விடும் நாள் 1 முதல் 3 நாள் வரை பௌர்ணமியை நோக்கி நகர்ந்திருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கரையோர நகரம் கடலுக்குச் செய்வதை, தேயாத நிலா தொட்டிக்குச் செய்கிறது. நிலா செய்ய உட்காருகிறவர் இருட்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். எளிய வடிவம் இது: 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, 5 மில்லிமீட்டர் நீல எல்.இ.டி. மூன்று, ரெசிஸ்டர் ஒன்று. மூன்றையும் வரிசையாகக் கோத்தால், ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மொத்தம் 9.6 போகும். மீதி 2.4 வோல்ட். எல்.இ.டி.யின் வழக்கமான மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். 2.4-ஐ 0.02-ஆல் வகுத்தால் 120 ஓம். இந்த 120 ஓம் ரெசிஸ்டரைத்தான் பொதுவாகப் போடுவார்கள். விளக்குக் கணக்கில் இது சரி. நிலாக் கணக்கில் தவறு.

தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலா தரையில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். இப்போது நம் எல்.இ.டி.யைப் பாருங்கள். உறையில் 3,000 மில்லிகேண்டெலா என்று போட்டிருந்தால், அது 3 கேண்டெலா. அரை மீட்டர் கீழே விழும் வெளிச்சத்தை அறிய, 3-ஐ தூரத்தின் வர்க்கமான 0.25-ஆல் வகுக்க வேண்டும். விடை 12 லக்ஸ். ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. பௌர்ணமியைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு வெளிச்சம் தருகிறது! கடலில் சில மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பவளம் அந்தக் கால் லக்ஸையும் முழுதாகப் பார்ப்பதில்லை.

ஆகவே மின்னோட்டத்தை 20-லிருந்து 0.4 மில்லிஆம்பியர் அளவுக்குக் குறைக்க வேண்டும். அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் எல்.இ.டி.யின் வோல்ட்டும் 2.6 வாக்கில் இறங்கிவிடும். மூன்று எல்.இ.டி. வரிசைக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். கையால் தொட்டால் சூடே தெரியாது. இரண்டடித் தொட்டிக்கு மூன்று எதற்கு என்பது என் கட்சி. ஒரே எல்.இ.டி. போதும், 22 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு. வானத்தில் ஒரு நிலாதான் இருக்கிறது. ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் நீரலையில் மடிந்து, மணல்மேல் வெள்ளி வலைபோல நெளியும். பத்து எல்.இ.டி. வைத்தால் வலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நிலவொளி நீலம் அல்ல. நிலாவின் மண் சிவப்பை நீலத்தைவிடச் சற்று அதிகமாகவே திருப்பி அனுப்புகிறது, அதனால் நிலவொளி வெயிலைவிடக் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது. மங்கலில் நம் கண் நீலத்தை நோக்கிச் சாய்கிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்ன விளைவு இது. ஆனால் கடல்நீர் சிவப்பை முதலில் உறிஞ்சிவிடுவதால், பவளத்தை எட்டும் நிலவொளி உண்மையிலேயே நீலம் தூக்கலானதுதான். ஆகவே 470 நானோமீட்டர் நீல எல்.இ.டி. குற்றமில்லை. இந்த நீல எல்.இ.டி.யும் எளிதில் கிடைத்ததல்ல. சிவப்பும் பச்சையும் வந்து பல ஆண்டுகள் கழித்தே பிரகாசமான நீலம் வந்தது. அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு தரப்பட்டது.

கட்டும்போது உப்புதான் எதிரி. குமிழி உடைந்து தெறிக்கும் துளி காய்ந்து, கம்பியைப் பச்சையாக்கித் தின்றுவிடும். சால்டர் செய்த இடங்களை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடி, அக்ரிலிக் பட்டையில் துளையிட்டுச் செருகி, எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள். வினிகர் வாடை வீசும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். அடாப்டர் தொட்டிக்கு மேலே இருக்கக் கூடாது. வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு மின்பலகையில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள், நிலா அப்புறம்.

தேய வைப்பதற்கு, நிரல் எழுதி இயக்கும் ஓர் அர்டுயினோ பலகையும், கரண்ட் போனாலும் நேரம் மறக்காத டிஎஸ்3231 கடிகாரச் சில்லும் வேண்டும். இங்கே பஞ்சாங்கம் கைகொடுக்கிறது. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. 30 திதி ஒரு சுற்று, சராசரியாக 29.53 நாள். தெரிந்த ஓர் அமாவாசையிலிருந்து எண்ணத் தொடங்கலாம். 2000 ஜனவரி 6, இந்திய நேரப்படி இரவு 11.44 என்பது பலரும் பயன்படுத்தும் தொடக்கம். சராசரி மாதத்தைக் கொண்டு எண்ணுவதால் அரை நாள் அளவுக்குப் பிசகலாம், தொட்டிக்கு அது பரவாயில்லை.

வளர்பிறையில் நிலா அந்தியிலேயே வானில் இருக்கும், பிறகு மறையும். எனவே விளக்கு அணைந்ததும் நிலா எரிய வேண்டும், அணையும் நேரம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தள்ளிப்போக வேண்டும். தேய்பிறையில் தலைகீழ்: முதலில் முழு இருட்டு, பிறகு நிலா, விடியும்வரை. அர்டுயினோவின் 5 வோல்ட் பி.டபிள்யூ.எம். வெளியீட்டுக் காலிலிருந்தே ஒற்றை எல்.இ.டி.யை 5.6 கிலோ ஓம் வழியாக ஏற்றலாம். பிரகாசத்துக்கு 0 முதல் 255 வரை படிகள் கிடைக்கும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பாதி நிலாவுக்குப் பாதி வெளிச்சம் என்று 128 போடாதீர்கள். பாதி நிலாவின் வெளிச்சம் பௌர்ணமியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சாய்வாக வெயில் விழும்போது நிலாத் தரையின் மேடுபள்ளங்களும் மண்துகள்களும் நிழல் போர்த்திக்கொள்கின்றன. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வரும் பௌர்ணமியில்தான் அந்த நிழல்கள் ஒளிந்துகொள்ளும். அஷ்டமிக்கு 25 போதும். பிறைக்கு 2 அல்லது 3.

இத்தனை செய்தால் வீட்டுத் தொட்டியில் பவளம் முட்டை விடுமா? நிலா மட்டும் அதற்குப் போதாது. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸும் அவர் குழுவினரும் கடலின் ஆண்டு முழுவதையும் தொட்டிக்குள் திரும்ப நடத்தினார்கள். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் நீர்வெப்பம், நீண்டு குறுகும் பகல், வெயிலின் வலு, இவற்றோடு எல்.இ.டி. நிலா. மூடிய தொட்டியில் அக்ரோபோரா பவளங்கள் முட்டை விட்டதை 2017-ல் செய்முறையோடு வெளியிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த ஃபுளோரிடா அக்வேரியத்தில், 2019 ஆகஸ்டில் தூண் பவளம் முட்டை விட்டது. நோய் தாக்கி ஃபுளோரிடாக் கடலில் அருகிப்போன இனம் அது. ஆய்வுக்கூடத்தில் அட்லாண்டிக் பவளம் ஒன்றை இப்படித் தூண்டியது அதுவே முதல்முறை. வீட்டில் செய்யும் நிலாவும் ஹார்னிமன் நிலாவும் ஒரே குடும்பம் என்பதை நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. மீன் மட்டும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் இந்த நிலா பொருந்தும்.

செய்து முடித்ததும் பௌர்ணமியன்று சோதித்துப் பாருங்கள். டி.வி.யை அணையுங்கள், சன்னல் திரையை இழுத்துவிடுங்கள், தெருவிளக்கும் தொட்டிக்கு நிலாதான். இருபது நிமிடம் கண்ணைப் பழக விட்டு, தொட்டிக்கு மேல் செய்தித்தாளைப் பிடியுங்கள். தலைப்பு தெரிந்து, செய்தி படிக்க முடியாமல் போனால் அளவு சரி. பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பகலெல்லாம் கல்லாகக் கிடந்த பவளத்தின் குழிகளிலிருந்து, நூலிழைபோன்ற உணர்கொம்புகள் இரை தேடி வெளியே வந்திருக்கும்.