கடற்கரையில் விடப்பட்ட தாய்

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் பங்குக் கோயிலில் அந்தோணியார் நவநாள். பூசைக்கு முன் விண்ணப்பப் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டுகளில் சிலவற்றை வாசிப்பார்கள். கடன், விசா, வீடு, குழந்தைப் பாக்கியம் எல்லாம் வரும். ஆனால் அடிக்கடி வருவது பிள்ளைகளைப் பற்றிய சீட்டுதான். ‘என் மகன் குடியை விட வேண்டும்.’ ‘மகள் மனசு மாறி வீட்டுக்கு வர வேண்டும்.’ ‘மூத்தவன் மறுபடி கோயிலுக்கு வர வேண்டும்.’ யாரும் பெயர் எழுதுவதில்லை. அந்த மூன்றாவது சீட்டு நான் எழுதியது.

அவன் சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில் ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் போன் போட்டுவிடுவேன். “பூசைக்குப் போனியாப்பா?” “போனேம்மா.” “சாமியார் என்ன பிரசங்கம் வச்சார்?” கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஏதோ சொல்வான். சில மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் எடுப்பதே நின்றுபோனது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, “ரெண்டு வருஷமா நான் பூசைக்குப் போறதில்லம்மா. நீ வருத்தப்படுவியேன்னு பொய் சொன்னேன்” என்றான். கையில் செதிலோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கன்னியர் மடத்துச் சிஸ்டரிடம் போய் அழுதபோது, அவர் சொன்னது எல்லாரும் சொல்வதுதான்: “மோனிக்கம்மாவைப் பாரும்மா. பதினேழு வருஷம் அழுது மகனைப் புனிதரா ஆக்கலையா?” சிறுவயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்ட கதை. அழுதார், மகன் திரும்பினான், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த மகன், புனித அகுஸ்தின், தம் வாழ்க்கையைக் கடவுளிடமே சொல்வதுபோல எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலை அதன் பிறகுதான் முழுதாக வாசித்தேன். 397-ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய நூல். அதில் மகனின் மனமாற்றம் மட்டும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையைக் கடவுளிடம் விடக் கற்றுக்கொண்டதும் இருக்கிறது. அதற்கு அவருக்கு ஏறக்குறைய ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டது.

இன்றைய அல்ஜீரியாவின் கிழக்கே சூக் அஹ்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அன்றைக்கு அதன் பெயர் தகாஸ்தே. மோனிக்கா வாழ்ந்த ஊர். கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் அல்லர், முன்கோபி, மனைவிக்கு உண்மையாகவும் இல்லாதவர். மாமியாரோ வேலைக்காரிகள் பேச்சைக் கேட்டு மருமகளை வெறுத்தவர். நம் வீடுகளில் நடக்காத எதுவும் அங்கே நடக்கவில்லை. மோனிக்கா எதிர்த்துப் பேசாமல், பணிவிடையாலும் பொறுமையாலும் மாமியாரின் மனத்தைக் கரைத்தார். கணவர் தம் கடைசிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றார். இந்தப் பொறுமையைக் காட்டி, அடிபடும் பெண்ணிடம் ‘நீயும் பொறுத்துப் போ’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. ஒரு பெண் தானாகத் தாங்கிய சிலுவையை எடுத்து இன்னொரு பெண்ணின் தோளில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மூத்த பிள்ளையோ இளையவனோ தெரியாது, பிள்ளைகளில் அகுஸ்தின்மேல்தான் மோனிக்காவின் உயிர் இருந்தது. 354-இல் பிறந்தவர். படிப்பில் சூரர். கார்த்தேஜுக்குப் படிக்கப் போனார்; அங்கே ஒரு பெண்ணோடு மணம் செய்யாமல் குடும்பம் நடத்தினார்; ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறகு மானிக்கேயர் என்ற குழுவில் சேர்ந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் ஓயாத போர்தான் உலகம் என்று போதித்தவர்கள் அவர்கள். ஒன்பது ஆண்டுகள் அதில் கிடந்தார். ஊருக்குத் திரும்பிய மகனைத் தன் வீட்டுக்குள்ளேயே சேர்க்க மறுத்தார் மோனிக்கா. ஒரே மேசையில் சாப்பிடவும் சம்மதிக்கவில்லை.

அந்தக் கதவு திறந்தது ஒரு கனவினால். மரத்தாலான ஓர் அளவுகோல் மீது தான் நிற்பதாகவும், ஒளிமயமான ஓர் இளைஞர் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டு, நீ நிற்கும் இடத்தில்தான் அவனும் நிற்கிறான் பார் என்று காட்டுவதாகவும் கண்டார். மகன் சாமர்த்தியக்காரர். ‘அப்படியென்றால் நீங்கள் ஒருநாள் என் பக்கம் வருவீர்கள்’ என்று அதைத் திருப்பினார். தாய் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நீ என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் என்றுதான் சொல்லப்பட்டது என்று பதில் கொடுத்தார். அன்று முதல் மகனுக்குச் சாப்பாடு போட்டார். மகனோ அப்படியேதான் இருந்தார். மாறியது தாய்தான்.

பிறகு ஓர் ஆயரிடம் போனார். அவரும் சிறுவயதில் அந்தக் குழுவினரிடம் வளர்ந்து, தாமாகவே வெளியே வந்தவர். ‘என் மகனிடம் பேசுங்கள்’ என்று கெஞ்சினார் மோனிக்கா. ஆயர் மறுத்துவிட்டார். இப்போது பேசினால் வாதாடத்தான் செய்வான், விட்டுவிடுங்கள், வாசித்து வாசித்து அவனே தெரிந்துகொள்வான், நீங்கள் ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்றார். மோனிக்கா விடவில்லை, அழுதார். கடைசியில் ஆயர் சற்றே சலித்து, இந்தக் கண்ணீர் வீண்போகாது, போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். எல்லாரும் அந்தக் கடைசிப் பேச்சைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு உறைத்தது அதற்கு முன்னால் அவர் சொன்ன ‘விட்டுவிடுங்கள்’தான். என் ஞாயிற்றுக்கிழமை போன்கள் நினைவுக்கு வந்தன.

அடுத்தது 383. அகுஸ்தின் உரோமைக்குப் புறப்படுகிறார். மோனிக்கா துறைமுகம் வரை வந்து மகனை இறுகப் பிடித்துக்கொள்கிறார்: ஒன்று நீ திரும்பு, இல்லையென்றால் நானும் வருகிறேன். மகன் பொய் சொல்கிறார். கப்பலேறும் நண்பர் ஒருவரை வழியனுப்பத்தான் போகிறேன், காற்று வீசும்வரை அவரோடு இருந்துவிட்டு வருகிறேன் என்கிறார். பக்கத்திலேயே புனித சிப்ரியானின் நினைவாக ஒரு கோயில். இரவு அங்கே தங்கச் சொல்லித் தாயைச் சம்மதிக்க வைக்கிறார். மோனிக்கா உள்ளே மண்டியிட்டு, மகன் போகக் கூடாது என்று இரவெல்லாம் வேண்டுகிறார். காற்று வீசுகிறது. பாய் விரிகிறது. விடிந்து வந்து பார்த்தால் கப்பல் இல்லை.

கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அந்தக் காலையை விளக்க வேண்டியதில்லை. போன கட்டுமரம் திரும்பாத நாளில் கரையில் நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் வாய்விட்டு அழமாட்டார்கள். கண்ணை மட்டும் கடலிலிருந்து எடுக்கமாட்டார்கள். மோனிக்கா அழுதார், புலம்பினார், மகனின் வஞ்சகத்தைக் கடவுளிடம் முறையிட்டார் என்று அந்த மகனே எழுதுகிறார். பிறகு மறுபடி அவனுக்காகவே வேண்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

அந்த இரவைப் பற்றி அகுஸ்தின் பல ஆண்டு கழித்து எழுதியதுதான் என் ஜெபத்தைப் புரட்டிப் போட்டது. தாய் அன்றிரவு கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை. அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே கொடுக்கவில்லை என்கிறார். கப்பல் புறப்படக் கூடாது என்பது அன்றைய வேண்டுதல். ஆனால் அந்தக் கப்பல்தான் அகுஸ்தினை உரோமைக்கும், மறுஆண்டு மிலானுக்கும் கொண்டுபோனது. மிலானில்தான் ஆயர் அம்புரோசு இருந்தார். பேச்சழகைக் கேட்கப் போனவர், பேச்சிலிருந்த பொருளில் சிக்கினார். மகன் கரையிலேயே நின்றிருந்தால் அம்புரோசைப் பார்த்திருக்கவே மாட்டார்.

பிள்ளையைக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்கிறேன் என்று நாம் சொல்லும்போது, கூடவே ஒரு வழித்தடத்தையும் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கல்லூரி, இந்த வேலை, இந்த ஊர், ஞாயிறு காலை இந்தப் பூசை. அந்தத் தடத்தில் அவன் போகாதபோது கடவுள் கேட்கவில்லை என்று அழுகிறோம். நானும் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவன் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மோனிக்காவும் எளிதில் விட்டுவிடவில்லை. 385-இல் கடல் கடந்து மிலானுக்கே வந்துவிட்டார். வழியில் புயல் அடித்தபோது, பயணிகளைத் தேற்ற வேண்டிய மாலுமிகளை இவர் தேற்றினார். மிலானில், ஆப்பிரிக்காவில் செய்துவந்தபடி மறைசாட்சிகளின் கல்லறைக்குக் கஞ்சியும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோனார். வாயிற்காவலர் தடுத்தார். ஆயரின் உத்தரவு என்று தெரிந்ததும், வாழ்நாள் பழக்கத்தை மறுபேச்சு இல்லாமல் விட்டார்.

ஆனால் அதே மிலானில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. மகனுக்கு வசதியான இடத்தில் பெண் பார்த்தார். பெண்ணுக்கோ மணவயதே வர இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருந்தது. அந்தச் சம்பந்தத்துக்கு இடைஞ்சல் என்று, பத்தாண்டுக்கு மேல் மகனோடு வாழ்ந்தவள் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அந்தத் திருமணம் பற்றிக் கடவுளிடமிருந்து ஒரு கனவு வேண்டிக் கேட்டார் மோனிக்கா. அவர் கேட்ட கனவு வரவில்லை. வராததே பதில் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

386 கோடையில் மிலானில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தின் மனம் உடைந்து திரும்பினார். உள்ளே போய்த் தாயிடம் சொன்னார். திருமணப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நண்பரின் பண்ணை வீட்டில் எல்லாரும் தங்கி, ஞானம் என்ன, பேரின்பம் என்ன என்று பேசினார்கள். பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். மோனிக்கா உள்ளே வந்தபோது, அவர் பேசுவதையும் எழுதச் சொன்னார் மகன். இந்த மாதிரிப் பேச்சுக்குள் பெண்களைச் சேர்த்ததாக எந்தப் புத்தகத்திலாவது கேள்விப்பட்டதுண்டா என்று மோனிக்கா கூச்சத்தோடு தடுத்தார். மகன் கேட்கவில்லை. வீட்டுக்குள் விட மறுத்த தாய், மகன் எழுதிய நூல்களுக்குள் வந்துவிட்டார்.

387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அகுஸ்தினும் அவர் மகனும் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார்கள். ஊர் திரும்பும் வழியில் உரோமைக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் தங்கினார்கள். ஒருநாள் தாயும் மகனும் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலில் சாய்ந்து நெடுநேரம் விண்ணகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாளில் மோனிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது; ஒன்பதாம் நாள் இறந்தார். அது அவர் வாழ்வின் 56-ஆம் ஆண்டு. கணவர் பக்கத்தில் படுக்கத் தனக்கொரு கல்லறையைச் சொந்த ஊரில் ஆசையாகத் தயார் செய்து வைத்திருந்தவர் அவர். சாகும்போது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். மகன் உரோமைக்குப் போகக் கூடாது என்று கரையில் கதறியவர், உரோமைக் கரையிலேயே தன் உடலை விட்டுக்கொடுத்தார். பதினேழு ஆண்டுக் கண்ணீர் அவருக்குள் செய்த வேலை இது என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கதை எல்லாத் தாய்க்கும் ஆறுதல் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். 2017 ஒக்கிப் புயலில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உடலைக்கூடப் பார்க்காத தாய்மார் குமரிக் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் மோனிக்காவைக் காட்டிப் பேச எனக்கு வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லத்தான் முடியும். அகுஸ்தினும் அந்த இழப்பை அறிந்தவர். அவருடைய ஒரே மகன் அதெயோதாத்துஸ் 17 வயதையொட்டி இறந்துபோனான். ‘கடவுள் தந்தவன்’ என்பது அந்தப் பெயரின் பொருள்.

என் மகன் இன்னும் பூசைக்குப் போவதில்லை. ஞாயிறு காலை போன்களை நான் நிறுத்திவிட்டேன். இப்போது புதன், வியாழனில் அவனாகவே கூப்பிடுகிறான்; சாப்பாடு, வேலை, அறையில் கூட இருக்கும் பையன் என்று என்னென்னவோ பேசுகிறான். பொய் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமைச் சீட்டில் ‘கோயிலுக்கு வர வேண்டும்’ என்று எழுதுவதையும் விட்டேன். அவன் பெயரை மட்டும் எழுதிப் போடுகிறேன்.

1945-இல் ஓஸ்தியாவில் பந்து விளையாடக் கம்பு நட இரண்டு சிறுவர்கள் குழி தோண்டியபோது, மோனிக்காவின் கல்லறைக் கல்லில் ஒரு துண்டு கிடைத்தது. ஆனால் மிலானிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாளே, அந்தப் பெண்ணுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. இனி எந்த ஆணோடும் வாழ்வதில்லை என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பெற்ற மகனைத் தகப்பனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். பிறகு அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிள்ளையை முழுதாகக் கடவுள் கையில் விட்ட தாய் அந்தக் கதையில் அவள்தான். ஆகஸ்ட் 27 மோனிக்காவின் திருநாள். அன்றைக்குப் பூசைக் கருத்துக் கொடுக்கப் போகிறவர்கள், உங்கள் பிள்ளையின் பெயருக்குக் கீழே ‘அதெயோதாத்துஸின் தாய்’ என்று அவளுக்காகவும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.