மோட்டார் வண்டியும் மாற்றங்களும்

விடுமுறை நாட்களில் நெல்லையினின்று சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்திற்கு மோட்டார் வண்டிகளிற் கூட்டமாய்ச் செல்ல விழைவோர் பலர். புறப்படுமுன் தத்தம் வண்டியைப் புதுக்கோலஞ் செய்வதிலும் ஊக்கங் கொள்கின்றனர். வண்டி நம்முடையதாயிருக்க, அதனை விரும்பியவாறு மாற்றலாகாதோ எனின், ஆகாது என்பதே சட்டம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. வண்ணத்தை மாற்றலாம், அதற்கும் பதிவு அதிகாரியின் இசைவு வேண்டும். ஏனைய மாற்றங்களை விதி மீறிச் செய்யும் உரிமையாளர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இத்தடைக்குக் காரணம் யாது? முகப்பிற் பூட்டும் இரும்புத் தடுப்பை நோக்குவோம். வண்டியின் முகப்பு, மோதுங்கால் தான் நசுங்கி அதிர்ச்சியை ஏற்குமாறு அமைந்தது. இரும்போ எளிதில் நசுங்காது. அவ்வதிர்ச்சியை உள்ளிருப்போர்க்குச் செலுத்தும். எதிர்ப்பட்ட பாதசாரிக்கோ பேரபாயம் விளைக்கும். காற்றுப்பை உரிய காலத்தில் விரிவதையுங் கெடுக்கக்கூடும். ஆதலின் 2017 டிசம்பரில் மத்திய அரசு அது சட்ட விரோதமென அறிவித்தது.

கூட்டமாய்ச் செல்வதற்கும் இந்நோக்கே அளவுகோல். வழியறிந்தவர் முன்னும், பொறுமையுள்ளவர் பின்னுஞ் செல்க. இடையே பேருந்து புகுமளவு இடம் விடுக. மலைச் சாலையில் வனத்துறையாரின் விதிகளை முன்னரே கேட்டறிக.

வண்டி நமதேயாயினும், சாலை நாற்றுக்கட்டைச் சுமந்து அதனைக் கடக்கும் உழத்திக்கும் உரியது. அவள் உயிரை எண்ணிச் செல்வோமாக.