சிறிய 'எம்'முக்கும் பெரிய 'எம்'முக்கும் நூறு கோடி மடங்கு

இந்த மாதத்து மின் கட்டண ரசீதைக் கையில் எடுங்கள். நீங்கள் மாசாயில் இருந்தாலும் சரி, வேறெங்கு இருந்தாலும் சரி, பயன்படுத்திய மின்சாரத்தின் அளவுக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்: சிறிய 'கே', பெரிய 'டபிள்யூ', சிறிய 'எச்'. கிலோவாட் மணி என்று பொருள். நடுவில் உள்ளது மட்டும் ஏன் பெரிய எழுத்து?

அது ஒரு மனிதரின் பெயர் என்பதால்தான். நீராவி இயந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் நினைவாக அந்த அலகு பெயர் பெற்றது. நியூட்டன், பாஸ்கல், வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றிலும் இதே வழக்கம்: ஆள் பெயரில் வந்த அலகின் குறியீடு பெரிய எழுத்தில் தொடங்கும். மீட்டர், கிராம், வினாடி ஆகியவை யாருடைய பெயரும் அல்ல. அதனால் சிறிய எழுத்து. இங்கே மாணவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறியீடாக இல்லாமல் முழுச் சொல்லாக எழுதினால், நியூட்டன் என்ற அலகும் சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். விஞ்ஞானி நியூட்டனுக்குப் பெரிய எழுத்து, விசையின் அலகுக்குச் சிறிய எழுத்து. டிகிரி செல்சியஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் செல்சியஸ் எப்போதும் பெரிய எழுத்துடன்தான் வரும்.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவே கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்தை ஓர் அலங்காரமாக நினைத்துவிடுகிறோம். அறிவியலில் அது பொருளையே மாற்றிவிடும்.

அலகுக்கு முன்னால் வரும் 'எம்' என்ற எழுத்தைப் பாருங்கள். சிறியதாக இருந்தால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரியதாக இருந்தால் மெகா, பத்து லட்சம் மடங்கு. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில் மினுக்கும் சின்ன விளக்கை மில்லிவாட்டில் அளப்பார்கள். மின் நிலையத்தை மெகாவாட்டில் அளப்பார்கள். கிலோவைக் குறிக்கும் 'கே' எப்போதும் சிறியது. அதைப் பெரிதாக எழுதினால் வெப்பநிலையின் அலகான கெல்வின் ஆகிவிடும். அரிசி மூட்டைகளில்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம்.

லிட்டருக்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. சிறிய 'எல்' அச்சில் ஒன்று என்ற எண்ணைப் போலத் தெரிவதால், பெரிய 'எல்'லையும் பயன்படுத்தலாம் என்று 1979இல் அனைத்துலக எடை, அளவு மாநாடு அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, லிட்டர் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி வாழ்ந்ததாகக் கனடாவின் வேதியியல் ஆசிரியர் இதழொன்று ஏப்ரல் முட்டாள் தினக் கட்டுரை வெளியிட்டது. ஆள் பெயரென்றால் பெரிய எழுத்துக்கு நியாயம் கிடைக்கும் அல்லவா! அதை நம்பியவர்களும் இருந்தார்கள்.

வேதியியலுக்கு வந்தால் விளையாட்டு இல்லை. பெரிய 'சி', சிறிய 'ஓ' சேர்ந்தால் கோபால்ட், மின்கலங்களில் பயன்படும் உலோகம். இரண்டும் பெரிதானால் கார்பன் மோனாக்சைடு, மூடிய அறையில் உயிரைப் பறிக்கும் வாயு. ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஒரு புதிய தனிமத்தின் தொடக்கம் என்பதே விதி.

2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை மாசாய்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாள்களில் செய்திகளில் அடிபட்ட பெயர்களுள் ஒன்று ஹைட்ரஜன் குளோரைடு. அதன் குறியீட்டில் 'எச்' பெரியது, 'சி' பெரியது, 'எல்' சிறியது. பின்னிரண்டும் சேர்ந்தது குளோரின். மூன்றையும் பெரிதாக எழுதினால் குளோரின் காணாமல் போய்க் கார்பன் வந்துவிடும். தனியே நிற்கும் 'எல்' என்றொரு தனிமமே கிடையாது. ஆனால் பென்சீன், டொலுயீன் போன்ற ரசாயனப் பெயர்களை முழுச் சொல்லாக எழுதும்போது, வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்தே போதும். அவை பொதுப்பெயர்கள். ஆறு என்பது பொதுப்பெயர், சுங்கை கிம் கிம் என்பது சிறப்புப்பெயர் என்ற அதே கணக்குத்தான்.

உயிரினங்களின் பெயரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் பாட்டன், பூட்டன் பால் வெட்டிய ரப்பர் மரத்தின் அறிவியல் பெயர் ஹெவியா பிரேசிலியென்சிஸ். செம்பனைக்கு எலேயிஸ் கினியென்சிஸ். பிரேசிலும் கினியும் நாட்டுப் பெயர்கள். ஆங்கில இலக்கணப்படி பெரிய எழுத்து வேண்டும். ஆனால் இங்கே முதற்சொல்லான பேரினத்துக்கு மட்டுமே பெரிய எழுத்து. இரண்டாம் சொல் எந்த நாட்டிலிருந்து, யாருடைய பெயரிலிருந்து வந்தாலும் சிறியதுதான். பழைய தாவரவியல் நூல்களில் ஆள் பெயர்களுக்குப் பெரிய எழுத்து தென்படும். இப்போதைய வழக்கம் அதுவல்ல.

டிங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கும் இதுவே விதி. இரண்டாம் சொல் எகிப்தைக் குறித்தாலும் அதன் முதல் எழுத்து சிறியது. அடுத்த முறை உங்கள் தாமானில் டிங்கி எச்சரிக்கைப் பலகையில் அந்தப் பெயரைக் கண்டால், சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.