கத்திவாக்கத்தில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள்... குறுக்கெழுத்துக் குறிப்பை அவிழ்ப்பது எப்படி?

காலை நேரத்து கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் மின்சார ரயில். கத்திவாக்கத்தில் ஏறினால் விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். ரீல்ஸ் பார்த்துச் சலித்த விரல் ஒரு குறுக்கெழுத்துக் கட்டத்தில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கிறது:

கூச்சலிட்டு ஓட்டுக்கு அழகு சேர்த்த எண்ணூர்ப் பக்கத்து ஊர் (7)

விடை, ஏறிய ஸ்டேஷனின் பெயரேதான்: கத்திவாக்கம். சரி, ஆனால் எப்படி? கூச்சலுக்கும் ஓட்டுக்கும் கத்திவாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பலர் குறுக்கெழுத்தை விட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். மறுநாள் பேப்பரில் விடை வந்துவிடும். அது எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று மூடிவிடுகிறோம். உண்மையில் நமக்குத் தெரியாமல் இருப்பது விதிகள் மட்டும்தான். அவற்றை ஒருமுறை யாராவது விளக்கிவிட்டால் போதும்.

இரண்டு வகைப் புதிர்கள்

செய்தித்தாள் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று பிறந்தது. ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டத்தில் அதை வெளியிட்டார். அது நேரடிப் புதிர். ‘நான்கு கால் விலங்கு’ என்றால் ஆடோ மாடோ போட்டுவிடலாம். தமிழ் இதழ்களில் நாம் அதிகம் பார்ப்பதும் இந்த வகைதான்.

பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தது இரண்டாவது வகை. அதில் குறிப்பு மேலோட்டமாக ஒன்றைச் சொல்லும், உள்ளே வேறொன்றை மறைத்து வைத்திருக்கும். இதைத்தான் கிரிப்டிக், அதாவது மறைபொருள் குறுக்கெழுத்து என்கிறார்கள். சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் பல பத்தாண்டுகளாகத் தினமும் வருவது இதுதான்.

இந்த வகையில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் அல்லது கடைசியில்தான் இருக்கும், நடுவில் வராது. மீதி இருப்பது சொல்லாட்டம். அது விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

இங்கிலாந்தில் ‘சிமினீஸ்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட், 1966-ல் வெளியான தன் புத்தகத்தில் இதையே ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். துல்லியமான பொருள், நேர்மையான சொல்லாட்டம், இந்த இரண்டையும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். குறிப்பில் ஒரு வார்த்தைகூடச் சும்மா நிற்கக் கூடாது.

போட்டுப் பார்ப்போம் (இந்தக் கட்டுரைக்காக அமைத்த குறிப்புகள் இவை)

முதலில் கூட்டல் வகை:

இலாகாவின் மூஞ்சி, கப்பல் நிற்கும் இடம் (5)

இலாகா என்றால் துறை. மூஞ்சி என்றால் முகம். துறை + முகம் = துறைமுகம். நேர்ப்பொருள் ‘கப்பல் நிற்கும் இடம்’. அவ்வளவுதான்.

அடுத்து, ஒளிந்திருக்கும் வகை:

மீனவர் கையில் இருப்பது கவலைக்குள் இருக்கிறது (2)

‘கவலை’ என்ற சொல்லுக்குள்ளேயே பாருங்கள். ‘வலை’ இருக்கிறது. ‘உள்ளே’, ‘நடுவில்’, ‘கொஞ்சம்’ போன்ற வார்த்தைகள் வந்தால் இந்த வகையோ என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது, எழுத்துக் கலைப்பு:

தகவு குலைந்தால் வாசலில் நிற்கும் (3)

தகவு என்றால் தகுதி, பெருமை. மேலோட்டமாகப் படித்தால், மரியாதை போனவர் வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று ஏதோ அறிவுரை மாதிரி இருக்கும். அந்த அர்த்தத்தைத் தூக்கிப் போடுங்கள். ‘குலைந்தால்’ என்றால் எழுத்துகளை மாற்றிப் போடு என்று கட்டளை. த, க, வு என்பதை மாற்றினால் கதவு. ‘கலைந்து’, ‘குழம்பி’, ‘சிதறி’, ‘உடைந்து’ எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

நான்காவது, இரு பொருள்:

வாரத்தின் முதல் வேலை நாள் வானில் தெரியும் (4)

திங்கள். கிழமையும் அதுதான், நிலாவும் அதுதான். இதில் தனியாகச் சொல்லாட்டம் கிடையாது. இரண்டு பொருளும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

தலையெழுத்துகளைச் சேர்ப்பது இன்னொரு வகை. அதற்கு உதாரணம் கத்திவாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே இருக்கிறது. ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் விம்கோ.

தமிழில் மட்டும் ஒரு கூடுதல் கட்டம்

ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை ஒட்டினால் எழுத்துகள் அப்படியே நிற்கும். தமிழில் நிற்காது. சொல்லோடு சொல் சேரும்போது புணர்ச்சி நடக்கும். பள்ளியில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோன அந்தப் பாடம்தான் தமிழ்க் குறுக்கெழுத்தின் சாவி.

இலக்கத்தோடு கிராமம் சேர்ந்தால் வடசென்னைப் பகுதி (4)

இலக்கம் என்றால் எண். கிராமம் என்றால் ஊர். எண் + ஊர் என்று எழுதினால் ‘எணூர்’ வரவில்லை, எண்ணூர் வருகிறது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிரெழுத்து வந்தால் இரட்டிக்கும். அதனால் ஒரு ‘ண்’ கூடுதலாகக் கிடைத்து எ, ண், ணூ, ர் என்று நான்கு கட்டம் நிரம்புகிறது.

இப்போது இதைப் பாருங்கள்:

நட்சத்திரத்தோடு அவர் சேர்ந்தால் கடலுக்குப் போகிறவர் (4)

மீனுக்கு நட்சத்திரம் என்றும் பொருள் உண்டு. விண்மீன் என்கிறோமே, அதுதான். மீன் + அவர் = மீனவர். இங்கே மட்டும் ஏன் ‘ன்’ இரட்டிக்கவில்லை? ‘எ’ குறில், ‘மீ’ நெடில். அதே விதிதான். ஒருமுறை இப்படிப் போட்டுப் பார்த்தால் இலக்கணம் மறக்காது.

இனி, ரயிலில் ஏறியதும் வந்த குறிப்புக்குத் திரும்பலாம். கூச்சலிட்டு என்றால் கத்தி. ஓட்டு என்றால் வாக்கு. அழகுக்கு ‘அம்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. புதிர் அமைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த சொல் அது. வாக்கு + அம் சேரும்போது ‘வாக்கு’ என்பதன் கடைசி உகரம் மறைந்து ‘வாக்கம்’ ஆகிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரப் புணர்ச்சிதான் இது. கத்தி + வாக்கு + அம் = கத்திவாக்கம். ஏழு எழுத்து.

இந்த ஊரின் பெயரைக் காத்திவாக்கம் என்றும் எழுதுவதுண்டு. அப்படி எழுதினாலும் ஏழு எழுத்துதான். முதல் கட்டத்தில் ‘க’ போடுவதா, ‘கா’ போடுவதா என்று குழம்பினால், ‘கூச்சலிட்டு’ என்ற சொல்லாட்டம் ‘கத்தி’ என்று தீர்த்துவைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இது எழுத்து விளையாட்டு மட்டுமே. ஊருக்குப் பெயர் வந்த வரலாறு என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம்.

விளக்கம் ஏன் முக்கியம்? சுப்ரீம் கோர்ட் வரை போன கதை

‘விடை சரியா இருந்தா போதாதா, விளக்கம் எதுக்கு?’ என்று கேட்கலாம். இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஒரு காலத்தில் குறுக்கெழுத்து என்றாலே பரிசுப் போட்டிதான். 1930-களில் எஸ்.எஸ். வாசன் நடத்திய ‘ஆனந்த விகடன்’ பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளால் வாசகர்களை ஈர்த்தது. நாடு முழுவதும் இப்படிப் போட்டிகள் பெருகின. கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். பெரிய தொகை பரிசு. அவற்றில் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். போட்டி நடத்துபவர் முன்கூட்டியே உறையில் போட்டு சீல் வைத்திருக்கும் விடையோடு ஒத்துப்போனால் பரிசு. ஏன் அந்தச் சொல், ஏன் இன்னொன்று இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது.

இதைக் கட்டுப்படுத்தவே 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. சட்டத்தின் வரையறையிலேயே குறுக்கெழுத்துப் போட்டி என்று பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 நுழைவுகளுக்கு மேல் கூடாது என்று அது வரம்பு கட்டியது.

பெங்களூரிலிருந்து வந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வார இதழ் மூலம் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலாவின் வழக்குகளில் 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவர் நடத்திய போட்டி சூதாட்டத் தன்மை கொண்டது என்றது. அதே சமயம், வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளுக்கு 1955 சட்டம் பொருந்தாது என்றும் பிரித்துக் காட்டியது. குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் கோடு கிழித்தபோதும் இந்தத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டது.

ஆக, ஒரே கட்டம், ஒரே கறுப்பு வெள்ளைச் சதுரங்கள்தான். விடைக்குக் காரணம் சொல்ல முடிந்தால் அது திறமை. காரணம் சொல்ல முடியாவிட்டால் அது யூகம், கிட்டத்தட்ட லாட்டரி. சொல்லாட்டம் என்ற இரண்டாவது பாகம்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

‘இங்கிலீஷ்ல வரல’ என்றால்?

ஆங்கிலப் புதிரைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் ஆங்கிலத்தின் மேலேயே சந்தேகம் வந்தவர்கள் நிறைய. அதற்கு அவசியமில்லை. அந்தக் குறிப்புகளுக்குத் தனியாக ஒரு சங்கேத மொழி இருக்கிறது. ‘மாலுமி’ என்று வந்தால் டார், ஏபி, சால்ட், ஜாக் என்று பிரிட்டிஷ் வழக்குகளில் ஒன்றைப் போட வேண்டும். துறைமுகத்திலேயே வளர்ந்தவருக்கும் இதை யாராவது சொன்னால்தான் தெரியும். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. விளக்கத்தோடு முப்பது நாள் விடைகளைப் படித்தால் அந்தப் பட்டியல் தானாக மனதில் ஏறிவிடும்.

தமிழில் தொடங்குவது இன்னும் சுலபம். அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழ் பல ஆண்டுகளாக மறைபொருள் வகைத் தமிழ்க் குறுக்கெழுத்தை வெளியிட்டிருக்கிறது.

ரயிலில் போட ஐந்து வழிகள்

1. குறிப்பைக் கதையாகப் படிக்காதீர்கள். முதல் வார்த்தைகளையும் கடைசி வார்த்தைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏதோ ஒரு முனையில்தான் நேர்ப்பொருள் இருக்கும்.

2. கட்டளைச் சொல்லைத் தேடுங்கள். சேர்ந்து, கலைந்து, உள்ளே, திரும்பி, தலையிழந்து... ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்கிறது.

3. எழுத்துகளைச் சரியாக எண்ணுங்கள். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். ‘எண்ணூர்’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் அது ஏழு குறியீடு. தமிழ்ச் சொல் விளையாட்டு ஆப் எழுதும் டெவலப்பர்கள் தடுமாறும் இடம் இது.

4. மெய்யெழுத்து கிடைத்தால் விடாதீர்கள். ‘ங்’ விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. ‘ஞ்’ என்றால் ச அல்லது ஞ வரிசை. மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச் சொல் முடியாது. 247 எழுத்தில் பாதிக்கு மேல் இப்படியே கழிந்துவிடும்.

5. விடை தெரிந்ததும் அடுத்த குறிப்புக்கு ஓடாதீர்கள். ஏன் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் விடை தப்பாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று, வீட்டுப்பாடமாக:

மரியாதையோடு அடமானம் வைத்த கிராமம், கத்திவாக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் (7)

விடை இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. மூன்று சொற்கள் சேரும்போது நடுவில் ஒரு வகரமும் ஒரு யகரமும் எங்கிருந்து வந்தன என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டால், நாளைய புதிரைத் தைரியமாகத் திறக்கலாம்.